சனிக்கிழமைக் கணக்கை வியாழக்கிழமையே காட்டுங்கள்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் அல்ல, கடைவீதி பிதுங்கும் நாள். முந்தின நாள் சாயங்காலம் கைக்கு வந்த வாரச் சம்பளம்தான் காரணம். சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் ஏதாவது ஒரு பனியன் கம்பெனி வாசலில் நின்று பாருங்கள், இரண்டு கூட்டம் தெரியும். ஒரு கூட்டம் சம்பளத்தோடு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்கும். இன்னொரு கூட்டம் சம்பளத்தை வாங்கியதும் அக்கவுண்ட்ஸ் ஜன்னலுக்கே திரும்பி வரும். "ஏனுங்க, எனக்கு ஒன்றரை ஷிப்ட் குறையுதுங்க." "அட்வான்ஸைப் போன வாரமே கழிச்சாச்சுங்களே, மறுபடியும் எதுக்குங்க புடிச்சீங்க?"

தொண்ணூறுகளில் மூன்று வருஷம் அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கணக்குப்பிள்ளைக்கு உதவியாள் வேலை. சனிக்கிழமை காலையில் பேங்குக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: 100 ரூபாய் இத்தனை, 50 இத்தனை, 10 இத்தனை, சில்லறை இவ்வளவு. பணத்தை வாங்கி வந்து, கவர் கவராகப் போட்டு, மேலே பெயரும் தொகையும் எழுதி அடுக்குவோம். கடைசிக் கவரைப் போட்டபின் மேசையில் காசு மிஞ்சினாலும் வயிறு கலங்கும், குறைந்தாலும் கலங்கும். 2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன பிறகு பல கம்பெனிகள் அவசர அவசரமாக எல்லோருக்கும் பேங்க் கணக்கு தொடங்கிக் கொடுத்தன. இன்று பெரிய யூனிட்களில் கவரும் இல்லை, சில்லறைக் கவலையும் இல்லை. ஜன்னல் முன்னால் நிற்கும் கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏன் என்று கேட்டால் முதலாளிகள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் சொல்கிறார்கள். அக்கவுண்டன்ட் சரியில்லை, அல்லது சாஃப்ட்வேர் சரியில்லை. பிறகு ஆளை மாற்றுகிறார்கள், சாஃப்ட்வேரை மாற்றுகிறார்கள். பின்னாளில் சிறு கம்பெனிகளுக்கு பிஎஃப், இஎஸ்ஐ கணக்கு பார்த்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தபோது பத்துப் பதினைந்து அக்கவுண்ட்ஸ் அறைகளுக்குள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. கூட்டல் கழித்தலில் தப்பு விடும் அக்கவுண்டன்டை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். அவர் கைக்கு வந்து சேர்கிற விவரமே கோணலாக வருகிறது. அதை அவர் நேராகக் கூட்டித் தருகிறார், அவ்வளவுதான்.

அந்த விவரம் வரும் வழியைப் பாருங்கள். யார் எப்போது உள்ளே வந்தார் என்பது டைம் ஆபீஸ் மெஷினில் இருக்கிறது. யார் ராத்திரி வரை இருந்தார், யாருக்கு அரை ஷிப்ட், யாருக்கு டபுள் என்பது சூப்பர்வைசரின் பாக்கெட் நோட்டில். பீஸ் ரேட் டெய்லர் எத்தனை டஜன் தைத்தார் என்பது செக்கிங் மேசையில் ஒரு தாளில். அட்வான்ஸ்? முதலாளி தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது, மேனேஜர் கொடுத்தது, கேஷியர் கொடுத்தது என்று மூன்று இடத்தில் மூன்று நோட்டு. ஒன்றில் நோட்டே இல்லை, ஞாபகம்தான். இவை எல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரே மேசையில் வந்து குவியும். சூப்பர்வைசர் கையெழுத்தில் அது 1-ஆ 7-ஆ என்று யோசித்துக்கொண்டே விடிகிற வரை பட்டியல் போடுவார் அக்கவுண்டன்ட். காலையில் பேங்குக்குப் பைல் போகும். சாயங்காலம் பணம் ஏறும். தன் கணக்கு என்னவென்று தொழிலாளிக்குத் தெரிய வருவதே பணம் ஏறிய பிறகுதான்.

நான் சொல்ல வருவது இந்த வரிசையைப் பற்றித்தான். அந்த வாரத்தில் எத்தனை ஷிப்ட் ஓட்டினோம், எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினோம் என்பது ஒரே ஒருவருக்குத்தான் ஐயமில்லாமல் தெரியும். அவர் உழைத்தவர். முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் முந்நூறு பேரும் தங்கள் கணக்கைத் தலைக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். அவர்களிடம் கேட்காமல் கணக்கை முடித்து, பணத்தையும் போட்டுவிட்டு, அப்புறம் அவர்களோடு சண்டை போடுகிறோம். கணக்கைப் புதன்கிழமை ராத்திரியோடு முடியுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு போகட்டும்: இத்தனை ஷிப்ட், இவ்வளவு கூலி, இந்தத் தேதி வாங்கிய அட்வான்ஸில் இவ்வளவு பிடித்தம், பிஎஃப் இவ்வளவு, இஎஸ்ஐ இவ்வளவு, கைக்கு வருவது இவ்வளவு. வெள்ளி மத்தியானம் வரை குறை இருந்தால் சொல்லலாம். சனிக்கிழமை பட்டுவாடா. மாதச் சம்பளக் கம்பெனி என்றால் 3-ஆம் தேதி சீட்டு, 5-ஆம் தேதிக்குள் திருத்தம், 7-ஆம் தேதிக்குள் சம்பளம். சிலர் இதற்காகவே வருகைக் கணக்கை 26 முதல் 25 வரை வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் நல்ல வழிதான்.

சீட்டு அவரவர் படிக்கிற மொழியில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கக்கும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளைப் படித்துத் தன் கூலியைச் சரிபார்க்கும் டெய்லரை நான் பார்த்ததில்லை. தமிழில் கொடுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு ஒடியாவில், இந்தியில் கொடுங்கள். எட்டுப் பத்துத் தலைப்புகளை ஒரு தடவை மொழிபெயர்த்து வைத்தால் போதும், எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இதைச் சொன்னதும் முதலாளிகளிடமிருந்து வரும் முதல் பேச்சு, "காட்டினால் சண்டை வரும்" என்பது. சண்டை இப்போதும் வருகிறது. பணம் போன பிறகு, ஊருக்குப் போகிற அவசரத்தில், பத்துப் பேர் பார்க்க வருகிறது. அடுத்த பேச்சு, "ஒருத்தன் கூலி இன்னொருத்தனுக்குத் தெரிந்துவிடும்." தைக்கிற லைனில் யாருக்கு என்ன ரேட் என்பது டீக்கடை பெஞ்சுக்கே தெரியும். ஆபீஸ் ஆட்கள் விஷயத்தில் அந்தக் கவலை நியாயம், அவர்களுக்கு மட்டும் செல்போனில் அனுப்பிவிடலாம். மூன்றாவதாக, வெளிப்படையாக யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பல இடங்களில் ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரை மடங்குக் கூலிதான் தருகிறார்கள். வேலை நேரத்துக்கு மேல் வாங்கும் உழைப்புக்கு இரட்டைக் கூலி என்கிறது சட்டம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அது இருந்தது. கூலியைத் தெளிவாகப் பிரித்து எழுதினால் அந்த வித்தியாசமும் தெளிவாகத் தெரிந்துவிடும். சீட்டுக்குப் பயப்படுகிற சிலர் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை.

சட்டத்தின் பக்கமும் மாறியிருக்கிறது. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் அதற்குள் அடங்கிவிட்டன. பழைய பட்டுவாடாச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குவோருக்குத்தான் பொருந்தியது. புதியதில் அந்த வரம்பு இல்லை. வாரக் கூலியை வார விடுமுறைக்கு முன்பு, கடைசி வேலை நாளில் கொடுத்தாக வேண்டும். மாதச் சம்பளத்துக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதி கெடு. வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். "அடுத்த மாதம் வாப்பா, பார்க்கலாம்" என்ற பழைய வசனம் இனிச் செல்லாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தீபாவளிக்கு முன் வாங்கிய அட்வான்ஸை ஒரே வாரத்தில் கழித்துவிடும் வழக்கம் இங்கே வந்து முட்டும்.

இவற்றையெல்லாம்விட அக்கவுண்ட்ஸ் அறையில் எழுதி ஒட்ட வேண்டிய விதி வேறொன்று. கூலி குறைந்தது என்று தொழிலாளி மூன்று ஆண்டு வரை மனு போடலாம். முழுக் கூலியும் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அவர் கையில் என்ன இருக்கிறது? சூப்பர்வைசரின் பாக்கெட் நோட்டு, அதுவும் சட்டையோடு சேர்ந்து துவைத்தது. வியாழக்கிழமைச் சீட்டும் வெள்ளிக்கிழமைத் திருத்தப் பதிவும் வாரா வாரம் சேர்ந்துகொண்டே போனால், மூன்று ஆண்டு கழித்து அதைவிடப் பெரிய சாட்சி வேறு தேவையில்லை.

சம்பளக் கணக்கு என்றால் கைக்கு வரும் தொகை மட்டும் என்று நினைக்கிறோம். அதன் பின்னால் நாள் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அது பிசகினால் யாருக்கும் உடனே தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் பல வருஷமாக வேலை பார்த்த பவர் டேபிள் டெய்லரான பெண் ஒருவர், தாயின் உடல்நிலை காரணமாக ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டு ஜூன் பாதியில் திரும்பினார். அடுத்த பிப்ரவரியில் அவருக்கே முதுகுத்தண்டில் கோளாறு, ஆறு வாரம் படுக்கை. இஎஸ்ஐ நோய்க்கால உதவித் தொகை கேட்டார். சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கக் கூடியது. ஜனவரி முதல் ஜூன் வரை இதைப் பெற, முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். அவர் உழைத்தது 82 நாள். ரிட்டனில் இருந்தது 70. செப்டம்பரின் கடைசி இரண்டு வாரப் பட்டியல் தாமதமாக வந்ததால், அந்த 12 நாளை அக்டோபரோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். பங்களிப்பில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் அக்டோபரில் அடுத்த ஆறு மாதக் கணக்கு தொடங்கிவிடுகிறது. அந்த 12 நாளும் அவருக்கு உதவாத பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. அந்த அம்மாவிடம் இதை விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. "காசு கட்டியிருக்குதுங்களே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இஎஸ்ஐ-யிலேயே எல்லோரும் வழுக்கும் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. சம்பள வரம்பு 21,000 ரூபாய், 2017 ஜனவரியிலிருந்து. ஏப்ரலில் வரம்புக்குள் இருந்தவருக்கு ஜூனில் சம்பளம் உயர்ந்து 22,000 ஆனால் அந்த மாதமே பெயரை நீக்கிவிடுகிறார்கள். செப்டம்பர் முடியும் வரை தொழிலாளி பங்கு 0.75 சதவீதமும் நிறுவனப் பங்கு 3.25 சதவீதமும் கட்டித்தான் ஆக வேண்டும். இன்னொன்று ஓவர்டைம். வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது, பங்களிப்பைக் கணக்கிடும்போது சேர்க்க வேண்டும். இது ஒரு கூட்டல்தான், ஆனால் கணக்குப் போடுகிறவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டுமே.

பிஎஃப் பக்கம் போனால் பெயர்ச் சிக்கல். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் முன்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். கல்யாணமான பெண் என்றால் ஒன்றில் தகப்பன் இனிஷியல், ஒன்றில் கணவன் இனிஷியல். வேலைக்குச் சேர்ந்த அன்று அவசரத்தில் எப்படியோ ஒரு பெயரைப் பதிந்துவிடுகிறோம். எட்டு வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போது மனு திரும்பி வருகிறது. சேரும் நாளில் ஆதாரில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பதிவதற்குப் பத்து நிமிஷம் ஆகும். பின்னால் திருத்துவதற்கு எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும். பேங்க் விவரமும் அப்படித்தான். 2020-இல் பொதுத்துறை வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்தபின் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி எண்கள் மாறின. பழைய எண்ணோடு பைல் அனுப்பி, பணம் திரும்பி வந்து, திங்கட்கிழமை வரை சம்பளமில்லாமல் நின்றவர்கள் உண்டு. இந்த விவரங்களையெல்லாம் சீட்டின் அடியில் ஒரு வரியாக அச்சடித்து வையுங்கள். தன் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவர் அந்தப் பெயருக்கு உரியவர்தான்.

சரி, சாஃப்ட்வேர். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் கையால் பட்டியல் போடுவது வீண் வேலை. ஆனால் சாஃப்ட்வேர் வாங்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இரண்டு கதையைக் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் புதிய சம்பள சாஃப்ட்வேருக்கு மாறியது. நர்சுகளில், ஊழியர்களில் ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு வரவேயில்லை, சிலருக்குக் கூடுதலாகப் போனது. சரிசெய்து முடிக்க ஆகும் செலவை 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று கணக்கிட்டார்கள். 2013-இல் விசாரணைக் கமிஷனே உட்கார்ந்தது. கனடாவின் மத்திய அரசு 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 7 கோடி கனடிய டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. அந்த மிச்சத்துக்காக, துறை துறையாக உட்கார்ந்து சம்பள விதிகளைத் தலைகீழாகத் தெரிந்துவைத்திருந்த பழைய ஊழியர்களின் இடங்களை முன்கூட்டியே நீக்கிவிட்டு, வேலையை மிராமிச்சி என்ற சிற்றூரில் கொண்டுபோய்க் குவித்தார்கள். மிச்சம் ஒன்றும் வரவில்லை, குழப்பம் பல ஆண்டு நீடித்தது. பெயர் பொருத்தம் பாருங்கள், சாம்பலிலிருந்து எழும் பறவையாம்.

நம் ஊர் கம்பெனிகளில் அந்தப் பழைய ஊழியர் ஒரே ஒருவர்தான். இருபது வருஷமாக இருக்கும் கணக்குப்பிள்ளை. யாருக்கு எந்த ரேட், யாருடைய அட்வான்ஸை முதலாளி பாதியாகத் தள்ளுபடி செய்தார், எந்த வாரம் மின்தடைக்காக அரை ஷிப்ட் போட்டுக் கொடுத்தோம் எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனிக்கே காய்ச்சல். அந்தத் தலையிலிருப்பதை ஒரு நீள நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்: தேதி, என்ன மாற்றம், யார் சொன்னது, முதலாளி கையெழுத்து. ரேட் மாறினாலும் அட்வான்ஸ் கொடுத்தாலும் புதிய ஆள் சேர்ந்தாலும் நோட்டில் ஏறாதது பட்டியலில் ஏறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி சட்டைப் பையிலிருந்து கொடுக்கும் நூறு ரூபாய்க்கும் அதே விதிதான். இதைக் கடைப்பிடிக்க முதலில் சிரமப்படுபவர் முதலாளியாகத்தான் இருப்பார். கணக்குப்பிள்ளை போடும் பட்டியலைப் பணம் போகும் முன் இன்னொரு ஆள் பார்க்க வேண்டும் என்பதும் அவசியம். அவர் மீது சந்தேகத்தால் அல்ல, ராத்திரி இரண்டு மணிக்கு எழுதிய எண்ணை எழுதியவரே பார்த்தால் சரியாகத்தான் தெரியும்.

அவிநாசி சாலைப் பக்கம் ஒரு நடுத்தரக் கம்பெனியில் இந்த வியாழக்கிழமைச் சீட்டைத் தொடங்கி வைத்தோம். முதல் வாரம் ஜன்னல் முன்னால் சனிக்கிழமை நிற்கும் அதே கூட்டம் வியாழக்கிழமை நின்றது. முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாலைந்து வாரம் குறைகளை நோட்டில் பதிந்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. பாதிக்கு மேல் சாயப் பிரிவிலிருந்தே வந்தன. போய்ப் பார்த்தால், கெமிக்கலிலும் வெந்நீரிலும் கையை விட்டு விட்டு அங்கே இருப்பவர்களின் விரல் ரேகை தேய்ந்து கிடக்கிறது. பஞ்சிங் மெஷின் அவர்களை அடையாளம் காணவில்லை. நான்கு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று உள்ளே ஓடியிருக்கிறார்கள். மெஷின் கணக்கில் அன்று அவர்கள் வரவே இல்லை. எத்தனை சனிக்கிழமை அவர்கள் ஜன்னலில் வந்து நின்று, "மெஷின்ல இல்லைப்பா, நாங்க என்ன பண்றது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு போயிருப்பார்களோ. அந்தப் பிரிவுக்கு முகம் பார்க்கும் மெஷின் வைத்தார்கள், குறைகள் கணிசமாக வடிந்தன.

அடுத்த கட்டமாக, சீட்டோடு சேர்த்து ஷிப்ட் எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் பட்டியலாக்கி, கேன்டீன் பக்கத்துப் பலகையில் ஒட்டினார்கள். தொகை இல்லை, பெயரும் ஷிப்டும் மட்டும். டீ நேரத்தில் எல்லோரும் விரலால் வரி பிடித்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். பேக்கிங்கில் கான்ட்ராக்டர் மூலம் வந்த பெண்கள் நாலைந்து பேரும் தேடினார்கள். அவர்களுக்கு அந்தப் பலகையில் இடமில்லை. கான்ட்ராக்டர் மொத்தமாகப் பணம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறார். எவ்வளவு பிரிக்கிறார் என்பது அவருக்கும் அந்தப் பெண்களுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அவர் கொடுக்காமல் விட்டால் கம்பெனிதான் பொறுப்பு என்பது முதலாளிக்குத் தெரியும், நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர்களில் மூத்தவர் தாளை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்துவிட்டு அக்கவுண்டன்டிடம் வந்தார். "எங்க பேரெல்லாம் எப்பங்க போடுவீங்க?" என்றார். அக்கவுண்டன்ட் முதலாளியைப் பார்த்தார்.